குதிநாண் நோவும் அதன் பரிகாரமும்

யவன வீரன் அக்கிலீசு குழவியாயிருந்தபோது, தாய் அவனைக் குதிக்காலிற் பிடித்துத் தெய்வ நதியொன்றில் அமிழ்த்தினாள் என்பதும், நனையாது எஞ்சிய அவ்விடத்தே அம்பு தைத்து அவன் மாண்டான் என்பதும் பலரும் அறிந்த கதை. இது ஓமரின் இலியாதத்தில் இல்லை, பிற்காலத்தார் கூறியது. கண்ணபிரானும் வேடனொருவன் எய்த அம்பு பாதத்தில் தைக்கவே உலகை நீத்தான் எனப் பாரதம் கூறுவது இங்கு நினைவுக்கு வரும். 1693 இல் பிலிப் வெர்கெயன் என்னும் உடற்கூற்றறிஞர் அக்கிலீசின் பெயரையே குதிநாணுக்குச் சூட்டினார்.

கெண்டைக்காற் தசைகளைக் குதியெலும்போடு பிணைக்கும் இந்நாண், உடலிலுள்ள நாண்கள் யாவற்றினும் தடித்தது. ஓடும்போது உடல் நிறையின் பல மடங்கான சுமை இதன்மேல் ஏறுகின்றது. எனினும், எலும்பிலிருந்து 2 முதல் 6 சென்ரிமீற்றர் வரை மேலேயுள்ள பகுதிக்கு இரத்தவோட்டம் குறைவு. நோவு பெரிதும் அங்கேதான் தோன்றும்.

நிந்தவூர் போன்ற கரையோர ஊர்களில் இந்நோவு இருதிறத்தாரை வருத்தக்கூடும். நோன்பு மாதம் முழுவதும் ஓட்டத்தை நிறுத்தியிருந்து, பெருநாள் கழிந்த கையோடு கடற்கரை மணலில் உதைபந்தாட்டத்துக்கு இறங்கும் இளைஞர் ஒரு திறத்தார். சீனி வருத்தத்துக்காக நடக்குமாறு வைத்தியர் கூற, முதல் நாளிலேயே நெடுந்தூரம் நடந்துவிடும் நடுவயதினர் மற்றொரு திறத்தார். இரண்டிலும் காரணம் ஒன்றே: பழக்கமில்லா நாணுக்குத் திடீரெனச் சுமை ஏற்றுதல். காலையிற் படுக்கையைவிட்டு எழுந்து வைக்கும் முதலடிகளில் விறைப்பும் நோவும் காண்பது இதன் குறி.

எண்ணெய் தேய்த்து உருவுவதும், அசையாது கிடப்பதுமே பரிகாரம் எனப் பலர் எண்ணுவர். ஓய்வினால் நோவு தணிவது உண்மையே. ஆனால் நாண் மேலும் நலிவடையும். மீண்டும் ஓடத் தொடங்கியதும் நோவும் திரும்பும். இதை அழற்சி என்று கருதிய பழைய கொள்கையும் இன்று தளர்ந்துவிட்டது. நாணின் இழைகள் ஒழுங்கு குலைந்திருப்பதே முதன்மையான கோளாறு என்பர்.

சுவீடன் நாட்டு வைத்தியர் ஹாக்கன் அல்பிரட்சன் 1998 இல் வெளியிட்ட ஆய்வு, பரிகார முறையையே மாற்றியது. படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, நோவுள்ள காலின் குதியை மெல்லக் கீழிறக்க வேண்டும். மேலெழும்ப மற்றக்காலே உதவும். முழங்காலை நீட்டியும் மடித்தும் 15 தடவையாக மும்மூன்று சுற்று, நாளுக்கு இருவேளை, 12 வாரம். அவர் ஆராய்ந்த 15 ஓட்டக்காரரும் பழையபடி ஓடலாயினர். இயன்மருத்துவர் இன்று இம்முறையை ஆளுக்கேற்ப மாற்றுவர். நோவு குதியெலும்பின்மேலேயே இருப்பின், குதியைப் படிக்குக் கீழே இறக்க விடார், சமதரையிலேயே செய்விப்பர். பயிற்சியின்போது சிறிது நோவு வரலாம். அது மறுநாட் காலைக்குள் தணிந்துவிட வேண்டும். தணியாவிடிற் சுமையைக் குறைப்பர். செருப்பினுள் குதியை உயர்த்தும் அட்டை வைப்பதும் உண்டு. மூன்று மாதம் பொறுத்திருப்பவர் சிலரே என்பதுதான் இம்முறையின் இடர்ப்பாடு.

நாணினுள் ஸ்ரீரொயிட் ஊசி ஏற்றுவது அதை அறுந்துபோகச் செய்யலாமாகையால், வைத்தியர் அதற்குத் தயங்குவர். சிப்புறோபுளொக்சசின் இனத்து மருந்துகளும் நாணைக் கெடுக்கக்கூடும். அவற்றை உட்கொள்ளும்போது நோவு தோன்றின் உடனே வைத்தியரிடம் கூறவேண்டும்.

நாண் நோவதும் அறுவதும் வேறு. பின்னாலிருந்து எவரோ உதைத்ததுபோன்ற உணர்வுடன் கால் தளர்ந்தால், அது அறுந்திருக்கக்கூடும். குப்புறக் கிடத்திக் கெண்டைக்காலைப் பிசையும்போது பாதம் அசையாதிருப்பின் ஐயம் வலுப்படும். அப்போது உருவுதல் கூடாது. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அறுவை சிகிச்சை எல்லாவற்றுக்கும் கடைசி. 2023 உலகக் கிண்ணத்தில் 24 விக்கற்றுகளை வீழ்த்திய இந்தியப் பந்துவீச்சாளர் முகம்மது சமி, 2024 பெப்ருவரியில் குதிநாணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். உலகின் சிறந்த வைத்தியமும் பயிற்சியாளரும் வாய்த்திருந்தும், அவர் இந்திய அணிக்குத் திரும்பியது 2025 ஜனவரியிலேயே.