பழமையும் வாய்மையும்

நூதனசாலையிலே பழைய பொருளொன்றின் முன் நிற்பவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி, “இது உண்மையானதுதானா?” என்பதாகும். பழைய மோட்டார் சைக்கிள்களைப் பொறுத்தவரையில் இக்கேள்விக்கு விடை கூறுவது எளிதன்று.

ஜேர்மனியிலே ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள மெர்சிடிஸ் பென்ஸ் நூதனசாலையில் மரச்சட்டமும் மரச்சில்லுகளும் கொண்ட சிறு வண்டியொன்று நிற்கின்றது. 1885ஆம் ஆண்டில் டைம்லரும் மைபாக்கும் ஆக்கிய, அரைக் குதிரைவலு எஞ்சின் பூட்டிய வண்டியின் வடிவம் அது. உலகின் முதல் மோட்டார் சைக்கிள் என்று பலரும் போற்றுவது அவ்வண்டியையே. ஆயினும், இன்று அங்கு நிற்பது அவர்கள் கைபட்ட வண்டியன்று. மூல வண்டி 1903இல் கான்ஸ்டாட் தொழிற்சாலையில் மூண்ட தீயில் அழிந்து போயிற்று. இருப்பது பிற்காலத்திலே செய்த பிரதி. பிரதியைப் பிரதியென்று கூறிக் காட்டுவதில் வஞ்சனை யாதுமில்லை. கற்போருக்கு அது பெரும் பயன் தரும்.

வஞ்சனை புகக்கூடிய இடம் வேறு. இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில் 1919 முதல் 1940 வரை ஜோர்ஜ் பிரஃப் என்பவர் ‘பிரஃப் சுப்பீரியர்’ என்னும் மோட்டார் சைக்கிள்களை ஆக்கினார். அவர் ஆக்கியவை ஏறத்தாழ 3,000 மாத்திரமே. ‘அரேபியாவின் லோரன்ஸ்’ 1935இல் விபத்துக்குள்ளாகி உயிர் துறந்ததும் இவ்வகை வண்டியிலேயே. இன்று இவற்றின் விலை மிக உயர்ந்திருக்கின்றது. ஆகவே, பழைய எஞ்சின் ஒன்று கிடைத்தால் போதும். புதுச் சட்டத்தில் அதனைப் பொருத்தி, இலக்கத்தையும் பொறித்து, முழுவதும் பழையதென்று விற்க ஆசை எழலாம். அந்த ஆசைக்குத் தடையாக நிற்பவை தொழிற்சாலையின் பழைய பதிவு அட்டைகள். சட்டத்தின் இலக்கமும் எஞ்சினின் இலக்கமும் அவற்றிலே குறிக்கப்பட்டிருப்பதால், வண்டியை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தீய எண்ணமின்றியும் பொய் நேர்வதுண்டு. 1920ஆம் ஆண்டு வண்டியொன்றைத் திருத்துபவர், அழகு கருதி அதற்குக் குரோமியம் பூசிவிடுகிறார் என்று கொள்வோம். அக்காலத்து வண்டிகளுக்குப் பூசப்பட்டது நிக்கலே. குரோமியம் வழக்கத்துக்கு வந்தது 1920களின் பிற்பகுதியில். பார்ப்பவர் கண்ணுக்கு வண்டி பளபளக்கும். ஆனால் அது தன் காலத்தைப் பற்றித் தவறான சாட்சி சொல்லும். சுரண்டி எறிந்த பழைய வர்ணத்தையோ, ஓட்டியவரின் முழங்கால் உராய்ந்து தேய்ந்த பெற்றோல் தாங்கியின் அடையாளத்தையோ எவராலும் மீளத் தர முடியாது.

பழைய கட்டிடங்களைப் பேணுவதற்கென 1964இல் எழுந்த வெனிஸ் பட்டயம், புதிதாகச் சேர்ப்பது மூலத்தினின்று வேறென்று அறியக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்றது. 2012இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட டியூரின் பட்டயம் இத்தகைய நெறிகளைப் பழைய வாகனங்களுக்கும் வகுத்தது. இந்நெறியிலே நிற்கும் திருத்துநர், வண்டியைக் கழற்றுமுன் படம் பிடிப்பார். கழற்றிய உறுப்பை எறியாது காப்பார். புதிய உறுப்பில் அடையாளம் இடுவார். செய்தவை அனைத்தையும் எழுதி வைப்பார்.

பட்டறையில் அவர் செய்யும் வேலையைப் பார்வையாளர் காண்பதில்லை. எஞ்சினைத் திறந்து பார்க்கவும் அவர்களால் இயலாது. வண்டியின் அருகே தொங்கும் சிறு அட்டையை நம்பியே அவர்கள் திரும்புகின்றனர். அவ்வட்டையில் “இச்சில்லு புதிது” என்றொரு வரி இருப்பதனால் வண்டியின் மதிப்புக் குறைவதில்லை. “ஏனையவை பழையன” என்னும் அடுத்த வரியை நம்புவதற்கு அதுவே காரணமாகின்றது.