உப்புப் போகாமல் ஈரம் போகாது

மன்னார்க் கரைக்கு நாற்றம் புதிதல்ல. 1905ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகள் கரைசேர்ந்தன. அத்தனையையும் கத்தியால் பிளந்து முத்துத் தேடுவது நடக்கிற காரியமா? ஏலத்தில் எடுத்தவர்கள் சிப்பிகளைக் குவித்துப் பல நாட்கள் அழுகவிட்டார்கள். ஈ மொய்த்து, புழு வைத்து, சதை கரைந்த பிறகு கடல்நீரில் அலசினால் முத்து அடியில் தங்கிவிடும். நாற்றம் அந்தத் தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தது.

அதே கரையில்தான் பேசாலையிலும் தலைமன்னாரிலும் கருவாடும் காய்கிறது. ஈரத்தைப் பிடித்துவைத்தால் அழுகும். ஈரத்தை விரட்டினால் கெடாது. இந்த இரண்டு வித்தையும் தெரிந்த கரை இது. சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் கட்டி இறங்குகிறவர்கள், பவளப்பாறைகளைப் பார்க்க வருகிற ஆய்வாளர்கள், பொழுதுபோக்குச் சுழியோடிகள் என்று இன்றைக்கும் இந்தக் கடலில் இறங்குவோர் உண்டு. அவர்களில் பாறைக்கும் கடல் முள்ளெலிக்கும் பயந்து காலில் நியோபிரீன் சப்பாத்துப் போடுகிறவர்கள், அந்தச் சிப்பிக் குவியலின் நாற்றத்தைச் சிறிய அளவில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். வண்டிக்குள் ஒரு நாள் கட்டிவைத்த பையைத் திறந்தவர்களுக்கு அது தெரியும்.

முதலில் அந்தச் சப்பாத்து எப்படிப்பட்டது என்று பார்க்கலாம். நியோபிரீன் என்பது 1930இல் அமெரிக்காவின் டியூபோன்ட் நிறுவனத்தில் உருவான செயற்கை ரப்பர். அதை நுரையாக்கி உடம்போடு ஒட்டிய சுழியோடி உடை தைக்கலாம் என்று 1950களின் தொடக்கத்தில் காட்டியவர் கலிபோர்னியாவின் பௌதிகவியலாளர் ஹியூ பிராட்னர். நுரைக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள் வெப்பத்தை வெளியே விடாது. ஆகவே உடல் நனைந்தாலும் குளிராது என்பதே அவருடைய யோசனை. நனைவது இந்த உடையின் குறையல்ல, இயல்பு. சப்பாத்தும் அதே நுரையால் ஆனதே.

குமிழிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியவை. அதனால் நுரைக்குள் தண்ணீர் போகாது. தண்ணீர் தங்குவது உள்ளும் புறமும் ஒட்டியிருக்கும் நைலோன் துணியிலும், தையல்களிலும், அடித்தட்டு சேரும் விளிம்பிலும்தான். காலிலிருந்து உதிரும் தோல் துகளும் வியர்வையும் சேருவதும் அங்கேதான். நடுவில் இருப்பது தண்ணீரோ காற்றோ ஊடுருவாத சுவர். வெளித்துணி எவ்வளவு காய்ந்தாலும் உள்துணியின் ஈரம் கணுக்கால் வாய் ஒன்றினால்தான் வெளியேறவேண்டும். விரல் நுனிப் பகுதியோ முட்டுச்சந்து.

நாற்றத்தை உண்டாக்குவது வியர்வை அல்ல, அதை உண்ணும் பற்றீரியாக்கள். தோலில் வாழும் ஸ்டஃபைலோகொக்கஸ், வியர்வையிலுள்ள லியூசின் என்ற அமினோ அமிலத்தை ஐசோவலரிக் அமிலமாக்குகிறது. புளித்த பாற்கட்டியை நினைவூட்டும் வாடை அது. பிரெவிபற்றீரியம் என்ற இன்னொன்று கந்தகம் கலந்த மெதேன்தயோல் வாயுவைத் தருகிறது. பாதத் தோலை அரித்துச் சிறு குழிகளை உண்டாக்கும் கைற்றோகொக்கஸ் செடென்டாரியஸ் என்ற பற்றீரியத்தை 1944இல் முதன்முதலாக விவரித்தபோது, அது கிடைத்தது ஒருவருடைய காலிலிருந்து அல்ல. கடல்நீரில் அமிழ்த்தி வைத்திருந்த கண்ணாடித் தகட்டிலிருந்து.

ஈரச் சப்பாத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் இன்னொரு கூட்டமும் சேரும். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேற்று இருக்கிறது. பைக்குள் ஒட்சிசன் தீர்ந்ததும் சில பற்றீரியாக்கள் அந்தச் சல்பேற்றைக் கொண்டு சுவாசித்து ஐதரசன் சல்பைட்டை வெளிவிடும். கூழ்முட்டை நாற்றம் என்பது இதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் வேண்டியது ஈரம். ஆகவே காயவைத்தால் போதும் என்றுதான் தோன்றும். மன்னாரில் வெயிலுக்கும் காற்றுக்கும் என்ன பஞ்சம்? ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: உப்பு. இரண்டு சப்பாத்தும் சேர்ந்து கால் லீற்றர் கடல்நீரைப் பிடித்துவைத்திருந்தால், காய்ந்த பிறகு அவற்றுக்குள் கிட்டத்தட்ட 9 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி, மிஞ்சும். கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானே கரையும். கடலுப்போடு கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டு 33 சதவீதத்திலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடும். கடலோரத்து இரவில் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். பகலில் காய்ந்த சப்பாத்து இரவில் மறுபடி நனைகிறது, யாரும் தண்ணீர் ஊற்றாமலே.

உப்புத்தானே கருவாட்டைக் காக்கிறது, சப்பாத்தை மட்டும் ஏன் கெடுக்கிறது என்று கேட்கலாம். மீனில் உப்பைத் திணித்து, வெயிலில் நீரையும் எடுத்துவிடும்போது சாதாரணப் பற்றீரியாக்கள் பயன்படுத்தத் தண்ணீரே மிஞ்சுவதில்லை. காலில் வாழ்கிறவையோ வியர்வை உப்பிலேயே வளர்ந்தவை. ஆய்வுகூடத்தில் ஸ்டஃபைலோகொக்கசை மற்றவற்றிலிருந்து பிரிக்க 7.5 சதவீத உப்புள்ள ஊடகத்தைப் பயன்படுத்துகிறார்கள். கடல்நீரைவிட இரு மடங்கு உப்பு அது. மற்றவை அதில் ஒடுங்கும், இது வளரும். கருவாடுகூட மழைக்காலத்தில் கசிந்தால், உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் ஏறிச் சிவந்துபோவது உண்டு.

ஆகவே முதல் வேலை காயவைப்பதல்ல, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுவது. மன்னாரில் நல்ல தண்ணீரை அள்ளி இறைக்க முடியாது என்பதும் உண்மை. அதற்குக் கணக்கு கைகொடுக்கும். ஐந்து லீற்றர் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தனையையும் ஒரே வாளியில் விட்டு, கால் லீற்றர் கடல்நீரோடு இருக்கும் சோடியை ஊறவைத்து வடித்தால் உப்பு 21இல் ஒரு பங்காகும், ஏறக்குறைய 0.4 கிராம் மிஞ்சும். அதே தண்ணீரை இரண்டரை லீற்றராகப் பிரித்து, ஒன்றில் ஊறவைத்து வடித்து, மற்றதில் மறுபடி ஊறவைத்தால் 121இல் ஒரு பங்கு. 0.1 கிராம்கூட மிஞ்சாது. தண்ணீர் ஒன்றுதான், பிரித்த விதம்தான் வேறு. கிணற்று நீர் கொஞ்சம் உவராக இருந்தாலும் பரவாயில்லை, கடல்நீரோடு பார்க்கையில் அது நல்ல தண்ணீரே. ஆனால் சப்பாத்தை அமிழ்த்தி, உள்ளே கையை விட்டுப் பிசையவேண்டும். வெளியே ஊற்றினால் விரல் நுனிக்குப் போகாது.

நாற்றம் ஏற்கெனவே ஏறிவிட்டதா? முதல் வாளியில் கொஞ்சம் சவர்க்காரத் திரவமும் அப்பச்சோடாவும் கலக்கலாம். சவர்க்காரம் எண்ணெய்ப்பிசுக்கையும் தோல் துகளையும் எடுக்கும். அப்பச்சோடா ஐசோவலரிக் அமிலத்தை ஆவியாகாத உப்பாக மாற்றுவதால் அதன் வாடை மூக்குக்கு எட்டாது. வினாகிரியையும் சோடாவையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள்; ஒன்றையொன்று முடித்துவிடும். குளோரின் வெளிற்றி நைலோனையும் பசையையும் அரிக்கும், அது வேண்டவே வேண்டாம்.

பிறகு காயவைத்தல். முதலில் தலைகீழாகத் தொங்கவிட்டு வடிக்கவேண்டும். சொட்டுவது நின்றதும், முடிந்தவரை உள்பக்கத்தை வெளியே புரட்டவேண்டும். புரட்ட வராத தடித்த சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, நனைந்ததும் மாற்றலாம். இல்லையென்றால் வாயை விரித்துக் காற்று வரும் பக்கம் திருப்பலாம். ஈரத்தின் மேல் தேங்கி நிற்கும் நீராவிப் படலத்தைக் காற்று தள்ளிக்கொண்டே இருந்தால்தான் அடுத்த ஈரம் ஆவியாகும். அந்தக் காற்றை நம்பித்தான் மன்னார்த் தீவின் தென்கரையில் 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலைகள் நிற்கின்றன. சோழகம் வீசும் மாதங்களில் நிழலில் தொங்கவிட்டாலே போதும். வாடைக்காற்றோடு மழை வரும் நாட்களில் வீட்டுக்குள் மின்விசிறிதான் வழி.

உச்சி வெயிலில் நாள் முழுக்கப் போட்டுவிடுவது கெடுதல். புறஊதாக் கதிர் ரப்பரையும் நைலோனையும் மெல்ல மெல்ல நலிவாக்கும். சூடு அடித்தட்டின் பசையை இளக்கும். வெளிப்பக்கம் சுட்டுக் காய்ந்திருப்பதைப் பார்த்து உள்ளும் காய்ந்துவிட்டது என்று ஏமாறுவதும் வெயிலில்தான்.

காய்ந்ததா என்று பார்க்க மாலையில் தொட்டுப் பார்த்துப் பயனில்லை. திறந்த இடத்தில் இரவு முழுக்க விட்டு, விடியற்காலையில் விரல் நுனிப் பகுதிக்குள் கையை விட்டுப் பாருங்கள். மாலையில் காய்ந்திருந்த சப்பாத்து காலையில் பிசுபிசுத்தால் இன்னொரு நாள் கொடியில் போடுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது; மறுபடி இரண்டரை லீற்றர் தண்ணீரை எடுங்கள்.