பெட்ராபோல்: நிலத்தின் மேல் ஒரு துறைமுகம்

கல்கத்தாவிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரத்தில், ஜெஸ்ஸோர் சாலை நம் தேசத்தை விட்டு வங்கதேசத்துக்குள் பிரவேசிக்கும் இடத்தில், இப்புறம் பெட்ராபோலும் அப்புறம் பேனாபோலும் இருக்கின்றன. 1947-ல் எல்லைக்கோடு விழும்வரை ஒரே ஜெஸ்ஸோர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த இவ்விரண்டு ஊர்களின் வழியாகத்தான், இரு நாடுகளும் தரைமார்க்கமாக நடத்தும் வியாபாரத்தின் பெரும்பகுதி இன்று நடைபெறுகிறது.

பஞ்சும் ரசாயனப் பொருள்களும் மோட்டார் வாகனப் பாகங்களும் இங்கிருந்து போகின்றன. சணலும் தைத்த ஆடைகளும் 2025 வரை அங்கிருந்து வந்தன; அந்நாட்டு சர்க்கார் அனுமதிக்கும் ஆண்டுகளில் துர்க்கா பூஜைக்கென ஹில்சா மீனும் வருகிறது. வேலூருக்கும் சென்னைக்கும் சிகிச்சை நாடி வரும் வங்கதேசத்து நோயாளிகளில் பலர் கடவுச்சீட்டில் முத்திரை பெறுவதும் இவ்விடத்தில்தான்.

சரக்கு லாரி ஒன்று இந்த வாசலைக் கடப்பது எளிய காரியமன்று. ஏற்றுமதிப் பத்திரத்தைச் சுங்க உத்தியோகஸ்தர் சரிபார்த்து, விளைபொருளாயின் பூச்சியும் நோயும் இல்லையென்று அதற்குரிய துறையினர் சான்றளித்து, எல்லைக் காவலரும் பார்வையிட்ட பிறகே, ஓட்டுநர் தற்காலிக அனுமதிச் சீட்டுடன் கோட்டைத் தாண்டுகிறார். தாண்டினாலும் டாக்கா வரை போக அவருக்கு உரிமையில்லை. பேனாபோல் கிடங்கில் சரக்கை இறக்கிவிட்டு அவர் வெறும் வண்டியோடு திரும்ப, அந்நாட்டு லாரி அதை மறுபடி ஏற்றிக்கொண்டு புறப்படுகிறது. தம் முறை வரும்வரை பெட்ராபோலை அடுத்த பன்காவ் நகரில் நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், வண்டியிலேயே சமைத்து உண்டு உறங்கிக் காத்திருந்த ஓட்டுநர்களின் சிரமத்தை எந்த வியாபாரக் கணக்கும் எழுதி வைப்பதில்லை. அழுகும் வெங்காயத்தின் நஷ்டமாவது யாரோ ஒருவர் பேரேட்டில் ஏறும்.

2010-ல் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 2012-ல் நிறுவப்பட்ட இந்திய நிலத் துறைமுக ஆணையம், 2016-ல் இங்கே எல்லாப் பரிசோதனைகளையும் ஒரே வளாகத்தில் சேர்த்தது. மெச்சத்தக்க பணிதான், ஆயினும் கோட்டின் இருபுறமும் ஒரே சரக்கு இருமுறை சோதிக்கப்படும் வழக்கம் அதனால் ஒழியவில்லை. இதற்கு மாறாக, ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும், ஜாம்பசி நதிக்கரையிலுள்ள சிருண்டுவில், 2009 முதல் தம் அதிகாரிகளை ஒரே இடத்தில் உட்காரவைத்து, பிரயாணிகளும் லாரிகளும் ஒருமுறை நின்றால் போதும் என்று ஏற்பாடு செய்துகொண்டன. நம்மினும் சொற்பச் செல்வமுடைய அவ்விரு தேசங்களுக்கு இயன்றதை டெல்லியும் டாக்காவும் தாமதமின்றிச் செய்ய முன்வர வேண்டும்.