கம்ப்யூட்டருக்குச் சம்பளம் கொடுத்த காலம்

எவரெஸ்ட் அளக்கப்பட்ட கதையைப் போன வாரம் படித்துக்கொண்டிருந்தேன். "தலைமை கம்ப்யூட்டர் ராதாநாத் சிக்தார்" என்று ஒரு வரி. தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த மகள் கேட்டாள்: "அப்பா, 1850-கள்ல ஏதுப்பா கம்ப்யூட்டர்?"

இருபது வருடமாக எனக்குச் சோறு போடுவது இந்த கம்ப்யூட்டர்தான். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம் தோண்டியதில் கிடைத்தவை இவை.

லத்தீனில் 'கம்ப்யூட்டாரே' என்றால் கணக்கிடுதல். ஆங்கிலத்தின் 'கவுண்ட்'டும் இதே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான். 1613-ல் ரிச்சர்ட் பிராத்வெய்ட் எழுதிய நூலில் 'கம்ப்யூட்டர்' வருகிறது. அங்கே அது காலத்தைக் கணக்கிடும் ஓர் ஆள். அதாவது, இந்தச் சொல் பிறக்கும்போது மனிதரைத்தான் குறித்தது. 'டீச்சர்', 'டிரைவர்' போல அதுவும் ஒரு வேலையின் பெயர், அவ்வளவுதான்.

அந்த வேலை எப்படி நடந்தது? பிரிட்டனின் 'நாட்டிகல் அல்மனாக்' 1767-ம் ஆண்டுக்காக முதலில் வெளிவந்தது. கப்பல்காரர்கள் நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க நிலாவின் இடம் முன்கூட்டியே தெரிய வேண்டும். ஒரே கணக்கை இரண்டு கம்ப்யூட்டர்கள் அவரவர் வீட்டில் தனித்தனியாகப் போடுவார்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று மூன்றாவது ஆள் ஒருவர் பார்ப்பார். அவருக்குப் பெயர் 'கம்பேரர்'. நம்ம கோட் ரிவ்யூ மாதிரியேதான்! ஒருமுறை இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிவைத்துக்கொண்டு காப்பியடித்து, மாட்டி, வேலையை இழந்தார்கள்.

இப்போது சிக்தாருக்கு வருவோம். கல்கத்தாக்காரர். 1831-ல் இந்திய நில அளவைத் துறையில் கம்ப்யூட்டராகச் சேர்ந்தார். நூறு மைலுக்கும் அப்பாலிருந்து தியோடலைட்டில் எடுத்த கோணங்கள்தான் மூலத் தரவு. பூமியின் வளைவு, காற்றில் ஒளி வளைவது என்று எல்லாவற்றுக்கும் திருத்தம் போட வேண்டும், அதுவும் கையால். 'சிகரம் 15' என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்த மலையே உலகில் உயரமானது என்று தெரிந்தது அப்படித்தான். 1856-ல் அறிவித்த உயரம் 29,002 அடி. 2020-ல் அறிவித்தது 8,848.86 மீட்டர். வித்தியாசம் 30 அடிதான்!

மலைக்கு வைத்தது ஜார்ஜ் எவரெஸ்ட்டின் பெயர். துறையின் 1851-ம் வருடக் கையேட்டின் முன்னுரையில் சிக்தாருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அவர் இறந்த பிறகு, 1875 பதிப்பில், அந்த நன்றியும் காணாமல் போனது.

பெண்களுக்கும் இதே கதைதான். ஹார்வர்டு வானாய்வகத்தில் பெண் கம்ப்யூட்டர்கள் மணிக்குச் சில்லறைக் காசுக்கு வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான ஹென்ரியெட்டா லீவிட் 1912-ல் வெளியிட்ட கண்டுபிடிப்புதான் பின்னால் விண்மீன் மண்டலங்களின் தூரத்தை அளக்க அளவுகோலானது.

1936-ல் ஆலன் டூரிங் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும் 'கம்ப்யூட்டர்' என்பவர் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கும் மனிதர்தான். பத்தே வருடத்தில், 1946-ல், எனியாக் உலகுக்கு அறிமுகமானது. அதை முதலில் புரோகிராம் செய்த ஆறு பெண்களும் அதுவரை கம்ப்யூட்டர்களாக வேலை பார்த்தவர்கள். தங்கள் பதவிப் பெயரை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் புரோகிராமர் ஆனார்கள்.

தமிழில் வேடிக்கை பாருங்கள். 'கணினி'க்கு வேர் 'கணி'. கணியன் பூங்குன்றனாரின் பெயரில் இருக்கும் 'கணியன்', நாளும் கோளும் கணிப்பவர். பிராத்வெய்ட் சொன்ன அதே ஆள்!

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ 'புரோகிராமர்'னா ஒரு ஆளுன்னு பின்னாடி யாருக்காவது தெரியுமாப்பா?"

இயந்திரமே கோட் எழுத ஆரம்பித்துவிட்ட காலம். சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் பழைய ஆவணத்தில் எங்காவது 'கம்ப்யூட்டர்' என்று பார்த்தால், இனி ஒரு நிமிடம் நின்று, அவர் பெயர் என்னவாக இருக்கும் என்று தேடுவேன்.