இரு சமுத்திரங்களுக்கு இடையே ஒரு தண்டவாளம்

பூந்தமல்லியை அடுத்த குமணன்சாவடியிலிருந்து ஒரு மாணவி கடிதம் எழுதியிருக்கிறாள். தினந்தோறும் ஆவடிக்குப் பஸ்ஸில் போய், அங்கே ரயிலேறிக் கல்லூரிக்குச் செல்லும் அவளுக்கு, அந்தத் தண்டவாளம் ஆதியில் எந்த ஊரை உத்தேசித்துப் போடப்பட்டது என்று அறிய ஆவல். கண்டோன்மெண்டும் கோயிலும் டிரங்க் ரோடும் வாய்த்த பூந்தமல்லிக்கு வாய்க்காமற்போன அந்த இரும்புப் பாதையின்மேல் சிறு பிராயத்திலிருந்தே எனக்கும் தீராத மோகம் உண்டு.

உத்தேசித்த இடம் அரக்கோணமும் அல்ல, கோயம்புத்தூரும் அல்ல, அரபிக் கடல்.

1845-இல் தோன்றிக் கலைந்து, 1852-இல் மறுபடியும் உருப்பெற்ற மதராஸ் ரயில்வே கம்பெனி, மறு வருஷம் ராயபுரத்தில் வேலையைத் தொடங்கியது. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, சுமார் நூறு கிலோமீட்டர், வண்டி ஓடிற்று. அன்று சென்னைக்குத் துறைமுகம் என்று சொல்லத்தக்க ஒன்றே கிடையாது. நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மசூலாப் படகுகள்தாம் அலைகளைத் தாண்டிச் சரக்கைக் கரைசேர்த்தன. இக்கரைச் சரக்கு அக்கரைக்குப் போக வேண்டுமானால் கப்பல் இலங்கையையே சுற்றியாக வேண்டும். அந்தச் சுற்றை ஒழித்து, மலபாரில் சாலியாறு கடலில் கலக்கும் பேப்பூருக்கு நிலத்தின் வழியே நேராக ஒரு கோடு கிழித்ததுதான் இந்தப் பாதை.

கோயில் உற்சவத்துக்கு நெடிய மல்லிகைச் சரம் தேவைப்பட்டால், என் தாயார் திண்ணையின் ஒரு கோடியிலும் பெரியம்மா மறு கோடியிலும் அமர்ந்து தனித்தனியே தொடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டு நாரையும் சேர்த்து முடிச்சிடுவார்கள். இந்தப் பாதையும் அவ்விதமே இரு முனைகளிலிருந்தும் தொடுக்கப்பட்டது. மேற்கே 1861 மார்ச்சில் பேப்பூருக்கும் திரூருக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கியது. பாரதப்புழையின் கரையோரமாக அத்தடம் கிழக்கே ஏறிவர, ஜோலார்ப்பேட்டை, சேலம், சங்ககிரி வழியாக நம் பக்கத்துத் தடம் மேற்கே செல்ல, 1862-இல் போத்தனூரில் முடிச்சு விழுந்தது. இடையே சுவர்போல நின்ற மேற்குத் தொடர்ச்சி மலை, பாலக்காட்டில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் திறந்து வழிவிட்டது இயற்கையின் பெருங்கருணை. பம்பாய்க்காரர்கள் ‘போர் காட்’ மலைச்சரிவில் பல்லாண்டுகள் பாறையைக் குடைந்துகொண்டிருந்த அதே காலத்தில், நம் வண்டி கோயம்புத்தூர்க் காற்று வரும் வாசலிலேயே மலைநாட்டுக்குள் நுழைந்துவிட்டது. ஏறத்தாழ 650 கிலோமீட்டர், கடலிலிருந்து கடல்வரை! அமெரிக்காவின் கிழக்கும் மேற்கும் ரயிலால் இணைந்தது 1869-இல். பம்பாயும் கல்கத்தாவும் இணைந்தது 1870-இல் என்பதை எண்ணிப் பார்த்தால், ஆவடி வழியே செல்லும் அந்த இரண்டு கம்பிகளின் கௌரவம் விளங்கும்.

ஆனால் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்த விசித்திரம் அதன் மறுமுனை. பேப்பூர் ஸ்டேஷன் பேப்பூரில் இருக்கவில்லை. ஆற்றின் தென்கரையில், சாலியம் என்னும் சிற்றூரில் இருந்தது. இறங்கியவர்கள் ஆற்றைத் தோணியில் கடந்துதான் பேப்பூரை அடைய முடியும். கால் நூற்றாண்டுக் காலம் தென்னிந்தியாவின் மேற்கு வாசலாக விளங்கிய அச்சிற்றூர், 1888-இல் கடலுண்டிக்கு அப்பால் தடம் திரும்பி, ஆற்றைப் பாலத்தால் கடந்து கோழிக்கோட்டை எட்டியதும், வாழ்விழந்தது. தண்டவாளத்தையே பெயர்த்தெடுத்துவிட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போயிருந்தபோது, ஸ்டேஷன் இருந்த இடத்தைப் படகுத்துறையில் விசாரித்தேன்; முதியவர் ஒருவர் மட்டுமே கையை நீட்டிக் காட்டினார். ஒரு கல்வெட்டுக்கூட என் கண்ணில் படவில்லை.

கிழக்கு முனையின் கதி சற்றே மேல். ராயபுரத்துக் கட்டடம், இந்தியாவில் இன்று எஞ்சி நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழையது, தன் தூண்களோடு இன்னும் நிற்கிறது. எனினும் நம் பள்ளிக்கூடங்களிலிருந்து மகாபலிபுரத்துக்கு உல்லாசப் பிரயாணம் புறப்படும் பிள்ளைகளில் எத்தனை பேரை ஒரு தடவையாவது ராயபுரத்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறோம்? அதற்கும் முன்னதாக, 1837-இலேயே நம் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலைபோடும் கல்லைச் சுமந்து சென்ற ரயில் ஒன்று இருந்ததை எந்த உபாத்தியாயர் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்?

மாணவிக்கு ஒரு வேண்டுகோள். ஒருநாள் இரவு ஆவடி பிளாட்பாரத்தில் காத்திருந்து, நிற்காமல் விரையும் மங்களூர் மெயிலைப் பார், அம்மா. அது செல்வது பெரும்பாலும் அந்தப் பழைய பாதையில்தான். என்றேனும் அதில் பிரயாணம் செய்தால், காலையில் திரூரைத் தாண்டியதும் இடப்பக்க ஜன்னலருகே உட்கார்ந்துகொள். கடலுண்டிக்கு அப்பால், கடலை நோக்கித் தென்னைகள் அடர்ந்திருக்கும் அந்தத் திக்கில்தான் ராயபுரத்து வண்டி ஒருகாலத்தில் போய் நின்றது.