பூட்டு யாருக்காகப் போடப்பட்டது?

17ஆம் நூற்றாண்டில் ஜப்பான் உலகத்துக்கே கதவைச் சாத்திக்கொண்டது என்றும், கிறிஸ்தவத்தின் மீதிருந்த அச்சமே அதற்குக் காரணம் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அப்போது நாட்டை ஆண்ட டோகுகாவா ஷோகன்களின் ஆணைகளை வரிசையாகப் பார்த்தால், அவர்கள் அதிகம் அஞ்சியது சொந்த நாட்டுப் பிரபுக்களுக்குத்தான் என்பது புலப்படும். 1600இல் செகிகஹாரா போரில் டோகுகாவா இயெயாசு வென்ற பிறகும் மேற்குப் பகுதிப் பிரபுக்கள் வலுவாகவே இருந்தார்கள். கடல் வாணிபம் அவர்களுக்குப் பணமும் துப்பாக்கியும் தந்தது. அவர்களுக்கு முந்தைய தலைமுறை மேற்குப் பிரபு ஓமுரா சுமிதாதா, 1580இல் நாகசாகியையே இயேசு சபையாரிடம் ஒப்படைத்திருந்தார். அதனால்தான் 1609இல் மேற்குப் பிரபுக்களின் பெரிய கப்பல்கள் பறிக்கப்பட்டன. 1635இல் ஜப்பானியர் எவரும் வெளிநாடு போகக் கூடாது, போனவர் திரும்பினால் மரண தண்டனை என்று ஆணை வந்தது. அந்நியரைத் தடுப்பது மட்டுமே நோக்கமென்றால், சொந்தக் கப்பல்களை ஏன் முடக்க வேண்டும்?

மதம் காரணமே இல்லையா என்று கேட்கலாம். நிச்சயமாக அதுவும் ஒரு காரணம். 1637இல் ஷிமாபாராவில் வரிக்கொடுமை தாளாமல் எழுந்த குடியானவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அடுத்த ஆண்டு அந்தக் கிளர்ச்சி ரத்தத்தில் ஒடுக்கப்பட்டது; 1639இல் போர்ச்சுகீசியர் விரட்டப்பட்டார்கள். 1640இல் வாணிபத்தை மீட்கக் கெஞ்சி மக்காவுவிலிருந்து வந்த தூதுக்குழுவில் 61 பேர் கொல்லப்பட்டார்கள். ஆனால் டச்சுக்காரர்களும் கிறிஸ்தவர்கள்தானே? கிளர்ச்சியாளர்கள் பதுங்கிய ஹாரா கோட்டை மீது பீரங்கியால் சுட்டு ஷோகனுக்கு உதவியவர்கள் அவர்கள். அவர்களையும் 1641இல் ஹிராடோவிலிருந்து பெயர்த்து, நாகசாகியில் தெஜிமா என்ற செயற்கைத் தீவில் அடைத்தார்கள். கரைக்குப் போக ஒரே பாலம். அதன் வாசலில் காவல். ஹிராடோ ஒரு பிரபுவின் துறைமுகம், நாகசாகியோ ஷோகனின் நேரடி ஆட்சியில் இருந்த நகரம். கிறிஸ்தவர்கள் அல்லாத சீன வணிகர்களும் 1635 முதல் நாகசாகிக்கு மட்டுமே வர முடிந்தது.

வாணிபத்தால் வெள்ளி நாட்டைவிட்டு வெளியேறியதும் ஒரு கவலைதான். ஆனால் வாணிப அளவுக்கு உச்சவரம்பு 1685இலும் 1715இலும்தான் வந்தது. கட்டுப்பாடுகள் அதற்கு வெகு முன்பே இறுகிவிட்டன. சுஷிமா, சட்சுமா, மட்சுமாயே பிரபுக்கள் முறையே கொரியா, ரியுக்யு, ஐனு மக்களோடு வாணிபம் செய்தார்களே என்றால், அதுவும் ஷோகனின் அனுமதிக்கு உட்பட்டதே. வாணிபமும் நின்றுவிடவில்லை. நாகசாகியில் டச்சுக்காரர்கள் வாங்கிய ஜப்பானியச் செம்பு சோழமண்டலக் கரை வரை வந்து விற்பனையானது.

ஆக, ஷோகன்கள் தேடியது தனிமையை அல்ல, ஏகபோகத்தை. அது இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் உள்நாட்டு அமைதியைக் காக்க உதவியது என்பதை மறுக்க முடியாது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் நம்பிக்கைக்காக உயிரிழந்த குடியானவர்களும், மணிலாவிலும் அயூத்தியாவிலும் குடியேறி ஊர் திரும்பவே முடியாமல் போன ஜப்பானியர்களும்தான். அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் அந்த அமைதியைப் புகழ்வது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.