ரெய்கி பயில ஒரு நூல்
நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயிலேறிச் சென்று, ஸ்பரிச சிகிச்சையாகிய ரெய்கியைக் கற்பிக்கும் நூலொன்றை வாங்க விரும்பும் அன்பர், முதலில் அதன் சரித்திர அத்தியாயத்தைப் புரட்டிப் பார்ப்பது உத்தமம். 1922-இல் ஜப்பானில் இம்முறையைத் தோற்றுவித்த மிகாவோ உசுயியைக் கிறிஸ்தவக் கலாசாலையின் ஆசிரியராகச் சித்திரிக்கும் கதையை, ஹவாய்த் தீவுகளில் இதைப் பரப்பிய ஹவாயோ தகாதா அம்மையார் சொல்லிவந்தார். டோக்கியோவின் சைஹோஜி ஆலயத்தில் சிஷ்யர்கள் 1927-இல் நாட்டிய நினைவுக்கல்லிலோ அச்செய்தியே இல்லை. அக்கதையை ஆராயாமல் அச்சிட்ட ஆசிரியரின் பிற கூற்றுகளையும் நான் நம்பத் தயங்குவேன். சிரம் முதல் பாதம் வரை கரங்களை வைக்க வேண்டிய ஸ்தானங்களுக்குத் தெளிவான படங்களும் வேண்டும். வியாதியைப் போக்கும் சக்தி இதற்குண்டென்பது விஞ்ஞான ரீதியாக நிரூபணமாகவில்லை என்பதை மறைத்து, நீரிழிவுக்காரரை இன்சுலினை நிறுத்தச் சொல்லும் நூல், எத்துணை அழகிய அட்டையோடிருப்பினும், வீட்டுக்குள் வரவே கூடாது.